தொண்ணூற்றேழில் கலந்த தொண்ணூற்றொன்று

அந்தப் பெட்ரோல் பங்க்கில் அவளுக்கு ஜீரோ அக்கா என்று பெயர். வண்டியில் குழாயைச் செருகும் முன் "ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்வது பங்க் வழக்கம்தான். ஆனால் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே ராகத்தில் பத்தொன்பது வருடம் சொன்னால் அது பெயராகவே ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை வீட்டில் கணவருக்குச் சாப்பாடு போடும்போது, கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு "ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். "காலையிலேர்ந்து ஜீரோதான், போடு" என்றார் அவர்.

அவருக்கு ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். அவர் உள்ளே வரும் நேரத்தில் இவள் வெளியே கிளம்புவாள். வாசலில் சாவி கைமாறும். "தூங்குங்க." "பாத்துப் போ." இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் பாதி இந்த இரண்டு வரியிலேயே நடந்து முடிந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. அந்த வாரம் கூட வேலை பார்க்கும் பெண் விடுப்பு. ஆறு நாளாக இரண்டு ஆள் வேலையை இவள் ஒருத்தியே பார்த்தாள். மேனேஜர் "இன்னும் ரெண்டு நாள்தாம்மா" என்று திங்கட்கிழமை சொன்னார். வியாழக்கிழமையும் அதையே சொன்னார்.

பங்க்கில் நான்கு குழாய்கள் சாதா பெட்ரோல், தொண்ணூற்றொன்று. ஓரமாக ஒரு குழாய் மட்டும் விலை கூடியது, தொண்ணூற்றேழு. இந்த எண்ணுக்கு ஆக்டேன் என்று பெயர். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். விஷயத்தைப் புரியவைத்தவன் அவளுடைய தம்பி.

எட்டு வயது இளையவன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் இவள் இடுப்பில் வளர்ந்தவன். டயர் கடை ஒன்றின் பின்கட்டில் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டு ஒரு வருடம் ஆகிறது. வேகக் கார்களின் எஞ்சினைத் திருத்திக் கொடுப்பது அவன் தொழில். சாவியும் ஸ்பேனரும் பாதி, லேப்டாப் பாதி.

"அது பலமில்லக்கா, பொறுமை," என்றான். "சாதா பெட்ரோல் ஒரு முந்திரிக்கொட்டை. எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறினா, நெருப்புப் பொறி வர்றதுக்கு முன்னாடியே தானா வெடிச்சிடும். பந்தி ஆரம்பிக்கறதுக்குள்ள இலையில கை வைக்கிற ஆளு மாதிரி. சாதா வண்டியில அவ்வளவு அழுத்தம் இல்ல, அதனால ஒண்ணும் ஆகாது. டர்போ வண்டியில காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்றோம். அங்க முந்திரிக்கொட்டை வேலைக்காகாது. பிஸ்டன் மண்டையிலேயே சுத்தியலால அடிச்ச மாதிரி அடிக்கும். தொண்ணூத்தேழு பொறுமைசாலி. சொன்னாதான் எரியும்."

"அப்ப நான் தொண்ணூத்தேழு, உங்க மாமா தொண்ணூத்தொண்ணு," என்றாள் அவள்.

அவன் கையால் முழுதாகத் தயாரான முதல் டர்போ வண்டி பல் டாக்டருடையது. பழையதாக வாங்கிய நீல நிறக் கார், இரண்டே இருக்கை. தொண்ணூற்றேழை நம்பி அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். பெட்ரோல் மூடிக்குள் தன் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: '97-க்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள்.' ஞாயிற்றுக்கிழமை, கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் அந்த வண்டி போட்டியில் ஓடப்போகிறது. பார்க்க வருகிறவர்களில் இரண்டு பேர் தங்கள் வண்டியையும் இவனிடம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒர்க்‌ஷாப் தொடர்ந்து நடக்குமா என்பது கிட்டத்தட்ட அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீரோ அக்கா தரையடித் தொட்டிகளில் அளவுகோலை இறக்கினாள். தினமும் முதல் வேலை அதுதான். தொண்ணூற்றேழு தொட்டியில் நேற்றுக் காலை இரண்டாயிரம் லிட்டர் இருந்தது. இன்றைக்கு ஆறாயிரத்துக்கு ஒரு விரல் குறைவு. கோலைத் துடைத்து மறுபடி இறக்கினாள். அதே ஆறாயிரம். நேற்று நாலு மணிக்கு டேங்கர் வந்து இறக்கியது நாலாயிரம் லிட்டர். அத்தனையும் சாதா. அது போய்ச் சேர வேண்டிய தொட்டியோ ஏறவே இல்லை.

அவள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். எப்படி நடந்தது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. டேங்கர் இறக்குகிற வாய்கள் தரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகளுக்குள் இருக்கின்றன; அளவுகோல் இறக்கும் துளைகள் தனியாக, தள்ளி இருக்கின்றன. குழிக்கு மேல் வட்டமான இரும்பு மூடிகள், சாதாவுக்குப் பச்சை, தொண்ணூற்றேழுக்குச் சிவப்பு. உள்ளே குழாயின் வாயில் தொங்கிய தகரச் சீட்டுகள் எப்போதோ துருவேறி உதிர்ந்துவிட்டன. வெள்ளிக்கிழமை பெய்த மழையில் குழிகளில் தண்ணீர் நின்றது. யாரும் சொல்லாமல், சுத்தமாக இருக்கட்டும் என்று, இரண்டு மூடிகளையும் தூக்கி வைத்துவிட்டு இவளே குவளையால் இறைத்தாள். நடுவில் கார் ஒன்று ஹார்ன் அடித்தது. ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்து, மூடிகளை எடுத்து மூடினாள். எதை எங்கே என்று கை பார்த்தது, கண் பார்க்கவில்லை.

மறுநாள் டேங்கர்காரர் பச்சை மூடியைத் திறந்து பைப்பை மாட்டினார். அவர் மேல் தப்பில்லை. இறக்கிய பிறகு ஒருமுறை அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வரிசை ரோடு வரை நின்றதால் அளக்கவில்லை. மேனேஜர் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று மாலை ஆறரை மணிக்கு டாக்டர் வந்ததும் அவளுக்கு நினைவு வந்தது. வண்டியில் முள் அடிமட்டத்தில் நின்றது. "ஃபுல் பண்ணுங்கம்மா, நாளைக்கு உங்க தம்பி மானத்தை நான்தான் காப்பாத்தணும்," என்றார். இவள்தான் நிரப்பினாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு முறை. எடுக்கவில்லை.

மேனேஜர் எட்டு மணிக்குத்தான் வந்தார். தூங்காத கண், அவர் வீட்டிலும் ஏதோ கைக்குழந்தைத் தொல்லை. கேட்டதும் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது.

"எத்தனை வண்டிக்குப் போட்டோம்?"

"எட்டு, சார்."

"எதுவும் நடுரோட்ல நிக்கலையே? பெட்ரோல்தானேம்மா, தண்ணியா ஊத்தினோம்? குழாயில பழுதுன்னு போர்டு மாட்டு. நாளைக்குக் கம்பெனி ஆள் வந்து உறிஞ்சி எடுத்துக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"ஏழு வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார். எட்டாவது டர்போ. இன்னிக்கு ஒன்பது மணிக்கு ரேஸ் ஓட்டப்போறாங்க."

"இப்ப வர்ற வண்டியில எல்லாம் கம்ப்யூட்டர் இருக்கு. அது பாத்துக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டரையே என் தம்பி மாத்தி வச்சிருக்கான்."

"அதுக்கு?"

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"ஷிஃப்ட் நடுவுலயா? நான் ஒத்த ஆளா என்ன பண்றது? நீ வெளியில போய்ச் சொன்னா நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும். உன்னுது முதல்ல உருளும், தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றாள். குரலில் வீரம் ஒன்றும் இல்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்கிற குரல்தான். தோளில் தொங்கிய சில்லறைப் பையைக் கழற்றி அவர் மேஜை மேல் வைத்தாள்.

அந்த நேரத்தில் டயருக்குக் காற்றடிக்க வந்து நின்றவர் டானிக் வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். இருபது வருடச் சின்னக் காருக்கு ஐந்து வருடமாகத் தொண்ணூற்றேழுதான் போடுகிறார். "வயசாயிடுச்சு பாரும்மா, இதுக்கு டானிக்" என்பார். ஓடுதளம் போக வேண்டும் என்றதும், ஏன் என்றுகூடக் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் அவள் கால்கள் தானாக நீண்டன. ஒரு நிமிடம் அதிலேயே போய்விட்டது.

"நேத்து போட்டதிலேர்ந்து வண்டி பறக்குதும்மா. கவனிச்சியா?" என்றார் வாத்தியார், மணிக்கு நாற்பதில் போய்க்கொண்டே. பின்னால் ஒரு பால் வண்டி ஹார்ன் அடித்துச் சலித்துவிட்டு முந்தியது.

"சார், நேத்து உங்களுக்குப் போட்டது பெரும்பாலும் சாதா."

வண்டி நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கியது.

"அப்ப அஞ்சு வருஷமா நான் போட்டது?"

"உங்க வண்டிக்கு அது தேவையே இல்லைங்க. நான் அப்பவே சொன்னேன். நீங்கதான் டானிக்னீங்க."

"நீ அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றார் கோபமாக. பிறகு ஆசிரியர் மனம் உள்ளே புகுந்துவிட்டது. "எவ்வளவுல எவ்வளவு கலந்துச்சு?"

"ரெண்டாயிரம் தொண்ணூத்தேழு. நாலாயிரம் தொண்ணூத்தொண்ணு."

"அப்ப தொண்ணூத்தி மூணு," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது வாய்க்கணக்கு. தப்பு இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

"சார், கொஞ்சம் வேகமா..."

"தொண்ணூத்தி மூணுக்கு இதுதான் வேகம்."

ஒன்பதே காலுக்கு ஓடுதளம் வந்தது. வெடித்துப் புல் முளைத்த சிமெண்ட் தரை, வெயில், நாற்பது ஐம்பது பேர், பதினோரு கார்கள். முதல் ஓட்டம் முடிந்திருந்தது. நீலக் கார் நின்றுகொண்டிருந்தது. உடையவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

தம்பி காரின் முன்மூடிக்கு மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றான். காதில் பெரிய ஹெட்போன். அதன் ஒயர் எஞ்சினில் திருகி வைத்த ஒரு சின்ன மைக்குக்குப் போகிறது. வெடிச்சத்தத்தைக் கேட்க அவன் வைத்திருக்கும் ஏற்பாடு. விடியற்காலையிலிருந்தே அதை மாட்டிக்கொண்டு வேலையாக இருந்ததால்தான் போன் எடுக்கவில்லை. பக்கத்தில் டாக்டர், அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். வண்டி கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த இருவரும் அதில் இருந்தார்கள்.

"பாட்டிலுக்குள்ள கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஒரு சத்தம் வருது டாக்டர்," என்றான் தம்பி, ஒரு காதை மட்டும் திறந்து. "சென்சார் அதைக் கேட்டுப் பயந்து, எஞ்சினை அடக்கிடுது. அதான் இழுவை இல்ல."

"அதாவது வண்டி பல்லைக் கடிக்குது," என்றார் டாக்டர்.

"அப்படித்தான் தெரியுது. ஆனா கடிக்கக் காரணமே இல்ல. நேத்து மத்தியானம் நான் ஓட்டிப் பாத்தப்ப எல்லாம் சரியா இருந்துச்சு."

"பெட்ரோலா இருக்குமோ?"

"அதுக்கு வாய்ப்பே இல்ல. எங்க அக்கா கையால போட்டது." சொன்னவன் நிமிர்ந்தான். "கீழ ஏதோ தகடு லூசா இருக்கணும். அது அதிர்ற சத்தத்தை சென்சார் தப்பா எடுத்துக்குது. அடுத்த ஓட்டத்துக்கு சென்சாரை அணைச்சிடறேன். முழு அழுத்தத்துல விடுங்க. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்துடலாம்."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எஞ்சின் தன் வாயாலேயே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பாமல் அவன் அக்காவை நம்பிக்கொண்டிருந்தான்.

"டேய், அணைக்காத," என்றாள்.

அவன் திரும்பினான். பங்க் சீருடையில், வியர்த்து, மூச்சு வாங்க நிற்கிற அக்காவைப் பார்த்ததும் வேறு ஏதோ விபரீதம் என்று நினைத்தான். "மாமாவுக்கு ஏதாவதா?"

"மாமா தூங்கறாரு. பெட்ரோல்தான்டா. சாதாவைத் தொண்ணூத்தேழு தொட்டியில இறக்கிட்டோம்."

"யாரு இறக்கினது?"

காதோடு சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போயிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்களின் முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. இவன் வேலை தெரிந்தவனா இல்லையா என்று எடை போடுகிற முகங்கள்.

"குழிமூடியை மாத்திப் போட்டது நான்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "டேங்கர்காரர் அதை நம்பி இறக்கிட்டாரு. அளந்து பாக்கவும் இல்ல. நேத்து நாலு மணிக்கு மேல எங்க பங்க்ல விலை கூடுனது போட்ட எல்லாருக்கும் கலப்புதான் போயிருக்கு. இவன் எஞ்சின்ல தப்பு இல்ல. சென்சார்லயும் இல்ல. தப்பு என் கையில."

சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் "ஐயையோ, நானும் அங்கதான் போட்டேன்" என்று தன் வண்டியை நோக்கி ஓடினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அக்கா கையாம், அக்கா கை" என்று இன்னொரு குரல் முணுமுணுத்தது. தம்பியின் காது சிவந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

"எவ்வளவு கலந்துச்சு?" என்றான், அந்நியரிடம் கேட்கிற குரலில்.

"தொண்ணூத்தி மூணு," என்றது பின்னாலிருந்து வாத்தியாரின் குரல். "கணக்கு சரிபார்த்தது."

தம்பி கொஞ்ச நேரம் விரலால் கட்டத்துக்குக் கட்டம் எண்களைக் குறைத்தான். "டாக்டர், தொண்ணூத்தி மூணுக்குத் தகுந்த மாதிரி அழுத்தத்தை இறக்கி விடறேன். ஓடும். ஜெயிக்காது."

"உடையுமா?"

"உடையாது."

"என் தொழில்லயும் இதுதான்பா. பிடுங்காம காப்பாத்தினா யாரும் கைதட்ட மாட்டாங்க," என்று டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அவள் ஓரமாகப் போனாள். நான்கு டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் உட்கார்ந்தாள். நீலக் கார் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. எத்தனை நூறு வேகக் கார்களுக்குப் போட்டிருப்பாள்; ஒன்றுகூட ஓடிப் பார்த்ததில்லை. பங்க்கை விட்டு வெளியே போகும் பின்விளக்கு வரைதான் அவளுக்குத் தெரியும். கொடி அசைத்தவரின் கை மேலே போனது. அது கீழே வந்ததை அவள் பார்க்கவில்லை.

யாரோ தோளை அசைத்தார்கள். தம்பி.

"முடிஞ்சிடுச்சு," என்றான்.

"உடைஞ்சுதா?"

"இல்ல. ஒன்பதாவது. பதினொண்ணுல." பக்கத்து டயரில் உட்கார்ந்தான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. "எல்லார் முன்னாடியும் சொல்லணுமாக்கா? என் காதுல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ அவங்ககிட்ட என்ன சொல்லியிருப்ப?"

அவன் தரையில் கிடந்த ஒரு நட்டை எடுத்து விரலில் உருட்டினான்.

"தகடு லூசுன்னு சொல்லியிருப்ப," என்றாள். "இல்லன்னா உன் வேலையில தப்புன்னு சொல்லியிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் செவ்வாய்க்கிழமை வண்டி கொண்டுவர்றாராம். எஞ்சின் சொன்னதைக் கேட்டு இறக்கி ஓட்டினது பிடிச்சிருந்துச்சாம். இன்னொருத்தர் பாக்கலாம்னுட்டாரு."

"பாக்கலாம்னா வரமாட்டாரு."

"வரமாட்டாரு," என்று ஒப்புக்கொண்டான். கொஞ்சம் கழித்து, "சென்சாரை அணைச்சிருப்பேன்க்கா. இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தா அணைச்சிருப்பேன். நீ போட்டதுன்னு அவ்வளவு நம்பிக்கை. இனிமே உன் பங்க்லயும் முதல்ல சோதிச்சுதான் வண்டிக்குப் போடுவேன்," என்றான்.

"சோதி. அதுதான் சரி."

சொல்லும்போது வலித்தது. ஆனால் சரிதான்.

போன் அடித்தது. மேனேஜர். இதற்கு முன் பதினோரு முறை அழைத்திருந்தார், தூக்கத்தில் கேட்கவில்லை.

"சொல்லிட்டியா?" என்றார். பின்னால் வண்டிச் சத்தம். அவரே குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறார் போல.

"சொல்லிட்டேன் சார்."

"சிவப்புச் சட்டை போட்ட ஆள் ஒருத்தர் இப்பத்தான் வந்து கத்திட்டுப் போறாரு." பெருமூச்சு விட்டார். "நாளைக்குக் கம்பெனி ஆள் வர்றாங்க. ஆறு மணிக்கு வந்துடு."

"வேலைக்கா சார், இல்ல ராஜினாமா எழுதிக் குடுக்கறதுக்கா?"

"எனக்கே தெரியலம்மா. அளந்தேன்னு கையெழுத்துப் போட்டது நான். என்னையே வரச் சொல்லியிருக்காங்க." சில்லறை எண்ணுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு மணி நேரமா நிக்கறேன். கால் கழண்டு போச்சு. எப்படித்தான் நிக்கறியோ."

"பழகிடும் சார். ஆறு மணிக்கு வர்றேன்."

போனை மடியில் வைத்தாள். தம்பி எழுந்து கை நீட்டினான். "எந்திரி. வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"பத்து நிமிஷம்டா," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவள் முகத்தில் வெயில் விழாதபடி மறைத்து நின்றுகொண்டான்.